சீனர்கள் ஆங்கிலச் சொல்லைக் கற்ற கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காண்டன் நகரின் வெளிநாட்டு வணிகர் குடியிருப்பை ஒட்டிய கடைகளில் சில தாள்களே கொண்ட ஒரு மலிவுப் புத்தகம் விற்பனையாயிற்று. மேலட்டையில் முக்கோணத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்காரரின் படம். உள்ளே சீனச் சொற்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய ஆங்கிலச் சொல், அதுவும் சீன எழுத்திலேயே. 'செம்மயிர்க்காரர்களின் பொதுப்பேச்சு' என்ற பொருளில் இத்தகைய நூல்களுக்குப் பெயர் இருந்தது. டச்சுக்காரருக்கு முதலில் வைத்த அந்தப் பட்டப்பெயர் பிறகு ஆங்கிலேயரையும் குறித்தது. 1825இல் சிறுவனாகக் காண்டனுக்கு வந்து அங்கேயே வணிகரான அமெரிக்கர் வில்லியம் ஹண்டர், 1882இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பில் இந்தப் புத்தகத்தை மரியாதையோடு குறிப்பிடுகிறார். கடைச் சிப்பந்திகள், சமையற்காரர்கள், கூலியாட்கள் எனக் காண்டனில் வெள்ளைக்காரரோடு பிழைப்பு நடத்திய பலரும் இதை வாங்கிப் படித்தார்கள்.

இப்படியொரு நூல் தேவைப்பட்டதற்குச் சீனப் பேரரசின் வணிகக் கட்டுப்பாடே காரணம். 1757இல் சியன்லுங் பேரரசர் ஐரோப்பியக் கடல் வணிகம் முழுவதையும் காண்டன் என்ற ஒரே துறைமுகத்தில் அடைத்தார். வெளிநாட்டார் நகரத்துக்குள் நுழையக் கூடாது. ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த பதின்மூன்று வணிக மனைகளில்தான் தங்க வேண்டும். வணிகப் பருவம் முடிந்தால் அருகிலிருந்த போர்த்துக்கீசியக் குடியிருப்பான மக்காவுக்குப் போய்விட வேண்டும். அவர்கள் சீனம் கற்பதை அதிகாரிகள் விரும்பவில்லை. 1759இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளிண்ட் வடக்கே தியன்ஜின் வரை கப்பலில் சென்று, காண்டன் அதிகாரிகள்மீது பேரரசருக்குச் சீன மொழியிலேயே முறையீடு கொடுத்தார். அதற்காக அவர் மக்காவில் மூன்றாண்டு சிறையிருந்தார். முறையீட்டை எழுத உதவிய லியூ யாபியன் என்ற சீனருக்குக் கிடைத்தது மரண தண்டனை. அதன்பின் வெளிநாட்டாருக்குச் சீனம் சொல்லிக்கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? மொழி கற்கும் சுமை முழுவதும் சீனர் பக்கம் சாய்ந்தது.

அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் பண்டிதர்கள் அல்லர். சுங்கக் கணக்கு முடித்துக் கொடுத்த துபாஷிகள், வணிக மனைக்கு வேண்டியதை வாங்கிக்கொடுத்த கொம்பிரதோர்கள், வெள்ளி நாணயத்தை மாற்றுப் பார்த்த ஷராப்புகள், படகோட்டிகள், வண்ணார்கள் ஆகியோரே முதல் மாணவர்கள். பள்ளியோ ஆசிரியரோ அவர்களுக்கு இல்லை. காதில் விழுந்ததையும் அந்த மலிவுப் புத்தகத்தையும் கொண்டு அவர்கள் உருவாக்கியதுதான் காண்டன் பிட்ஜின் ஆங்கிலம். ஆங்கிலத்தில் வணிகத்தைக் குறிக்கும் 'பிசினஸ்' என்ற சொல்லே சீன நாவில் பிட்ஜின் ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்தக் கலப்பு மொழியின் சொற்களைப் பார்த்தால் ஆசியக் கடல் வணிகத்தின் பாதை முழுவதும் தெரியும். ஆங்கிலேயருக்கு முன்பே மக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் வழியாகத் 'தெரியும்' என்பதற்கு 'சாவி' வந்தது. தெய்வத்தைக் குறிக்கும் அவர்களின் 'தேயுஸ்' என்ற சொல் 'ஜாஸ்' எனத் திரிந்தது. முத்திரை குத்திய உரிமத்துக்கு இந்தியாவின் 'சாப்', துண்டுச் சீட்டுக்கு 'சிட்டி'. சீன அதிகாரியை உலகம் 'மாண்டரின்' என்று அழைப்பது சம்ஸ்கிருத 'மந்திரி' மலாய்க்குப் போய்ப் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்ததால். நடுவில் துளையிட்டுக் கயிற்றில் கோத்த சீனச் செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் 'காஷ்' என்றார்கள். அது தமிழின் 'காசு' போர்த்துக்கீசியர் வழியே போய்ச் சேர்ந்த வடிவம். அதே வடிவில் உள்ள, ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் வேறு. சரக்கறையைக் குறித்த 'கோடவுன்' என்பதையும் தமிழ், தெலுங்கு மொழிகளின் 'கிடங்கு', 'கிடங்கி'யோடு சொற்பிறப்பு அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. காண்டன் துபாஷி இவை எல்லாவற்றையும் ஆங்கிலம் என்றே எண்ணிக் கற்றார்.

சொற்கள் பல நாட்டுச் சரக்கு என்றாலும் அவற்றைக் கோத்த முறை சீனமே. சீன மொழியில் எண்ணுக்கும் பெயருக்கும் இடையே ஓர் அளவைச் சொல் வந்தாக வேண்டும்; தமிழில் ஆட்களை எண்ணும்போது 'மூன்று பேர்' என்பதுபோல, சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஈடு இல்லாததால் துணுக்கைக் குறிக்கும் சொல்லை 'பீசீ' ஆக்கி அந்த இடத்தில் வைத்தார்கள். ஒரு மனிதன் 'ஒன் பீசீ மேன்' ஆனான். வினைச்சொற்களுக்குக் காலம் காட்டும் விகுதி சீனத்தில் இல்லை, பிட்ஜினிலும் இல்லை. பெறுவது, வாங்குவது, கொண்டுவருவது அனைத்துக்கும் 'கேட்ச்சீ' போதும். 'இன்னது இன்னது ஆகும்' என்று சொல்ல, உரிமையைக் குறிக்கும் 'பிலாங்' என்ற வினையை எடுத்துக்கொண்டார்கள். 'நான்', 'என்', 'எனக்கு' மூன்றுக்கும் 'மை'. இதைப் பிழை ஆங்கிலம் என்று எள்ளிய பயணிகள் பலர். ஆனால் தேயிலையும் பட்டும் பீங்கானும் கோடிக்கணக்கான மதிப்பில் கைமாறிய வணிகம், ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்த மொழியில்தான் நடந்தது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதைக் கற்றுத்தான் பேச வேண்டியிருந்தது.

மலிவுப் புத்தகத்தின் குறை இலக்கணத்தில் மட்டும் இல்லை, எழுத்திலும் இருந்தது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழு அசை. காண்டனியப் பேச்சில் ஓர் அசை முடியக்கூடிய மெய்கள் ஆறே. எனவே ஆங்கிலத்தின் 'சிக்ஸ்' இரண்டு எழுத்தாகி 'சிக்-ஸி' என நீண்டது. 'திரீ' என்பதன் முதல் ஒலியும் ரகரமும் காண்டனியத்தில் கிடையா. அதனால் மூன்றுக்கு 'தே-லே' என ஒலிக்கும் இரண்டு எழுத்துகளை வைத்தார்கள். அவற்றைப் பொருள் கொண்டு படித்தால் 'புவியியல்' என்று வரும்! ஐந்துக்கு 'ஃபாய்' என்று ஒலிக்கும் எழுத்து. காண்டன்காரருக்கு அது பொருந்தியது. ஆனால் அதே எழுத்தைப் பெய்ஜிங்காரர் 'ஹுய்' என்று படிப்பார். ஒலி குறிக்க உதவிய எழுத்து, ஊர் மாறியதும் உதவாமல் போயிற்று.

பிரிட்டனுடன் 1842இல் கையெழுத்தான நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பின் ஐந்து துறைமுகங்கள் திறந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. வணிகம் ஷாங்காய்க்கு நகர்ந்தது. அங்கே ஓங்கியவர்கள் நிங்போ ஊர் வணிகர்கள். காண்டனிய ஒலிப்பில் அமைந்த நூல்கள் அவர்களுக்குப் பயன்படவில்லை. 1860இல் ஃபெங் சேஃபு முதலான நிங்போ வணிகர்கள் தங்கள் பேச்சொலிக்கு ஏற்ற ஆங்கிலச் சொற்புத்தகம் ஒன்றைத் தாங்களே தொகுத்து வெளியிட்டார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடிய யாங்ஜிங்பாங் என்ற ஓடையின் பெயரே ஷாங்காயின் பிட்ஜினுக்கும் வந்தது. நிங்போ ஒலியில் ஆங்கிலச் சொற்களை அடுக்கிய பாட்டுகளைக் கடைப்பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். அந்த ஓடை பிறகு தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று.

கற்றறிந்தோர் பாதை தனியே தொடங்கியது. லண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசன் 1807இல் காண்டன் வந்தார். 1809 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். அவருடைய சீன-ஆங்கில அகராதி 1815க்கும் 1823க்கும் இடையே மக்காவில் மூன்று பகுதிகளாக அச்சாயிற்று. செலவைக் கம்பெனி ஏற்றது. 1822இல் வந்த ஆங்கில-சீனப் பகுதிதான் அவ்வகையில் அச்சேறிய முதல் அகராதி. வெள்ளைக்காரர் சீனம் கற்க எழுதிய நூல் அது என்பதை மறக்கக் கூடாது. சீனருக்கென்று மோரிசன் எழுதியது, மலாக்காவில் 1818இல் தொடங்கிய ஆங்கில-சீனக் கல்லூரிக்காக 1823இல் வெளிவந்த சிறிய ஆங்கில இலக்கணம். ஹண்டர் சீனம் படித்ததும் இதே கல்லூரியில்தான்.

மோரிசன் நினைவாக 1839இல் மக்காவில் தொடங்கி ஹாங்காங்குக்கு மாறிய பள்ளியில் படித்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் யுங் விங். 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பினார். மற்றவர் தாங் திங்ஷூ. அவர் 1862இல் வெளியிட்ட ஆறு தொகுதிச் சொற்றொடர் நூல், சந்தைக்காக ஒரு சீனர் எழுதிய நூல்களில் மிகச் சிறந்தது. அதில் முறையான ஆங்கிலமும் உண்டு. காண்டன் பிட்ஜின் எப்படிச் சொல்லும் என்ற குறிப்பும் உண்டு. அடுத்த ஆண்டே அவர் ஜார்டின் மாத்தீசன் நிறுவனத்தின் கொம்பிரதோர் ஆனார். பின்னாளில் சீன நீராவிக் கப்பல் நிறுவனத்தையும் கைபிங் நிலக்கரிச் சுரங்கத்தையும் நடத்தினார்.

அரசு விழித்துக்கொண்டது இரண்டாம் அபினிப் போரில் தோற்ற பிறகே. 1858இல் கையெழுத்தான தியன்ஜின் உடன்படிக்கையில், பொருளில் கருத்து வேறுபாடு எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்று பிரிட்டன் எழுதி வாங்கியது. ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் நாடே விலை கொடுக்க வேண்டிய நிலை. 1862இல் பெய்ஜிங்கில் துங்வென் குவான் என்ற அரசு மொழிப்பள்ளி பத்து மாணவர்களோடு திறந்தது. ஷாங்காயிலும் காண்டனிலும் அடுத்தடுத்து அதுபோன்ற பள்ளிகள் வந்தன. 1891இல் குவாங்ஷூ பேரரசருக்கே ஆங்கிலம் கற்பித்தவர்கள் பெய்ஜிங் பள்ளியின் பழைய மாணவர்கள் இருவர்.

இந்தக் காலத்தில் ஒரு தனி மனிதர் செய்த பணிக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை. குவாங் சீஜாவ் என்ற குவாங்துங் மாகாணத்துக்காரர் 1868இல் ஹாங்காங்கில் ஆங்கில-சீன அகராதி வெளியிட்டார். சீனர் ஒருவர் தொகுத்த முதல் ஆங்கில-சீன அகராதி என்று அதைச் சொல்வார்கள். பின்பு சீன அரசு 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய திட்டத்தில் மொழிபெயர்ப்பாளராக ஹார்ட்ஃபோர்டு போனார். அங்கே அவர் கண்டது முக்கியமானது: மாணவனைத் தடுக்கி விழவைப்பவை நீண்ட கடினச் சொற்கள் அல்ல, போ, வா, எடு, வை, பெறு போன்ற பொருளுள்ள சின்னஞ்சிறு வினைகளே. அவை தமக்குப் பின்னால் வரும் குறுஞ்சொல்லுக்கேற்ப நூறு பொருள் தருகின்றன. 1881இல் நியூயார்க்கில் அவர் வெளியிட்டது எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கூடிய ஆங்கிலத் தொடர் அகராதி. ஜப்பானிய மாணவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற மலிவுப் புத்தக முறையில் இருந்து, சொல் எங்கே எப்படிப் புழங்குகிறது என்று காட்டும் முறைக்கு மாறிய முதல் பெரிய அடி இது.

1897இல் ஷாங்காயில் தொடங்கிய கமர்ஷியல் அச்சகம் அடுத்த ஆண்டு வெளியிட்ட முதல் ஆங்கிலப் பாடநூல், இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயர் தொகுத்திருந்த ஆரம்பப் பாடத்தின் சீனக் குறிப்புடன் கூடிய பதிப்பு. குறிப்பு எழுதியவர் ஷியே ஹொங்லாய். அச்சடித்த படிகள் உடனே விற்றுத் தீர்ந்து, அந்த அச்சகம் சீனாவின் பெரிய பதிப்பகமாக வளர அடிகோலியது. 1928இல் லின் யூதாங் எழுதிய கைமிங் ஆங்கிலப் பாடநூல் அடுத்த தலைமுறையை ஆட்கொண்டது.

புழக்கத்தைப் பற்றிய சீனரின் ஆய்வு முதிர்ந்தது கே சுவான்குய் கையில். 1942இல் அவர் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதி, சீன மாணவன் எங்கே வழுக்குவான் என்று தெரிந்து எழுதிய நூல். சீனத்தில் 'காய்' என்ற ஒரே வினையால் கதவைத் திறக்கலாம், விளக்கைப் போடலாம், வண்டி ஓட்டலாம், கூட்டம் நடத்தலாம், மருந்தும் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஈடாக ஆங்கிலத்தின் 'ஓப்பன்' என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவன் விளக்கையும் 'ஓப்பன்' செய்கிறான். 'ஜியே' என்றால் கடன் வாங்குவதும் கடன் கொடுப்பதும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் தனித்தனி வினை. பேச்சில் அவனும் அவளும் 'தா' என்றே ஒலிப்பதால், நன்கு படித்தவர்களும் ஆங்கிலத்தில் பாலை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இத்தகைய இடங்களில் பொருள் மட்டும் தரும் அகராதி கைகொடுக்காது. 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில் கே இன்னொரு தெளிவையும் தந்தார்: சீன வாழ்க்கைக்கே உரிய கருத்துகளை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் தொடர்கள் பிழையல்ல, அவை 'சீன நாட்டு ஆங்கிலம்' என்றார். பிட்ஜினைப் பார்த்து வெட்கப்பட்டே பழகிய ஒரு சமூகத்தில் இது துணிவான கருத்து.

இதற்கிடையில், 1950களில் ரஷ்ய மொழி முன்னுக்கு வந்து ஆங்கிலம் பின்தங்கியது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்துப் பாடநூல்களில் அரசியல் முழக்கங்களே பாடமாயின. அந்தச் சூழலிலும் ஷாங்காயில் அகராதிப் பணி நின்றுவிடவில்லை; 1975இல் புதிய ஆங்கில-சீன அகராதி வெளியானது. 1982இல் பிபிசியின் 'ஃபாலோ மீ' பாடத்தைச் சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது நாடே அதன் முன் உட்கார்ந்தது.

ஃபூதான் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூ குசுன் தலைமையில் உருவான ஆங்கில-சீனப் பேரகராதி 1989இலும் 1991இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஏறத்தாழ 2,00,000 சொற்பதிவுகள் கொண்டது. வெளிநாட்டு அகராதி எதையும் அப்படியே மொழிபெயர்க்காமல், ஆங்கில நூல்களில் இருந்து திரட்டிய எடுத்துக்காட்டுகளைக் கொண்டு சீனர்களே கட்டிய அகராதி அது. வேலை முடியும்வரை வெளிநாடு போவதில்லை, வேறு நூல் எழுதுவதில்லை, வேறு பணி ஏற்பதில்லை என்று லூ உறுதி எடுத்துக்கொண்டு அதைக் காத்தார். இரண்டாம் பதிப்பு 2007இல் வந்தது. லூ 2016 ஜூலையில் காலமானார். மூன்றாம் பதிப்பின் பொறுப்பு அவருடைய மாணவர் சூ ஜிசொங்கிடம் வந்து சேர்ந்தது.