வயிற்றறைச் சவ்வின் வேகமும் அதன் உயிரியலும்: ஒரு வரலாற்று நோக்கு

வயிற்றறைக்குள் கரைசலை நிரப்பி, அதன் சவ்வின் வழியே இரத்தத்தின் கழிவை வெளியேற்றும் டயாலிசிஸ் முயற்சியை ஜெர்மானிய மருத்துவர் கேயோர்க் கான்ட்டர் 1923இல் ஒரு மனித நோயாளியிடம் செய்து பார்த்தார். 1968இல் டென்காஃபின் மென்குழாய் வந்தது. 1976இல் பாப்போவிச்சும் மான்கிரீஃபும் நாள் முழுதும் தொடரும் முறையை முன்வைத்தனர். அதுவரை பெரிய கவலை குழாயும் கிருமித்தொற்றும்தான். ஒரே கரைசல் ஒருவருக்குத் தாராளமாக நீரை இழுத்துவர, இன்னொருவருக்கு ஏன் கால் வீங்குகிறது என்ற கேள்வி, வீட்டிலேயே சிகிச்சை பெறுவோர் பெருகிய பிறகே கூர்மையடைந்தது.

ஆளுக்கு ஆள் மாறும் இந்தச் சவ்வின் வேகத்தை அளக்க ட்வார்டோவ்ஸ்கி 1987இல் வகுத்த சோதனை இன்றும் புழக்கத்தில் உள்ளது. இரண்டு லிட்டர் கரைசலை நான்கு மணி நேரம் வயிற்றில் விட்டுவைத்து, அதில் சேர்ந்த கிரியேட்டினினை இரத்தத்தில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.81ஐத் தாண்டினால் அது வேகச் சவ்வு, 0.50க்குக் கீழே என்றால் மந்தச் சவ்வு. வேகம் நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கழிவு விரைந்து வெளியேறும் அதே வழியில், நீரை இழுப்பதற்காகக் கரைசலில் சேர்த்த குளுக்கோஸும் இரத்தத்துக்குள் விரைந்து நுழைந்துவிடுவதால், நீரை இழுக்கும் விசை பாதியிலேயே தளர்கிறது. வேகச் சவ்வுள்ளவர்களின் நிலை மோசமாக இருப்பதைக் கனடா-அமெரிக்கக் கூட்டாய்வு 1998இல் காட்டியது.

சோதனை வேகத்தைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. ஸ்வீடனின் பெங்ட் ரிப்பே முன்வைத்த மூவகைத் துளை மாதிரி, கழிவும் நீரும் கடக்க வேண்டிய தடையின் இடத்தைத் தந்துகிச் சுவருக்கு நகர்த்தியது. சிறு துளைகளில் கழிவும் நீரும் செல்லும். பெருந்துளைகளில் புரதம் கசியும். மிக நுண்ணிய துளைகளில் நீர் மட்டுமே நுழையும். இந்த மூன்றாம் வகை கணக்கு சரிவர வேண்டும் என்பதற்காக வைத்த கற்பனை போலத்தான் முதலில் இருந்தது. ஆனால் அடர்த்தியான குளுக்கோஸ் கரைசல் இட்ட முதல் ஒரு மணி நேரத்தில் அதன் சோடியம் செறிவு இறங்குகிறது. சோடியத்தை விட்டுவிட்டு நீர் மட்டும் வரும் வழி இல்லாமல் இது நடக்காது. பீட்டர் ஆக்ரே கண்டறிந்த நீர்வாய்ப் புரதமான ஆக்குவாபோரின்-1 தந்துகிச் சுவரில் இருப்பது பின்னர் தெரியவந்தது. அப்புரதம் நீக்கப்பட்ட எலிகளில் நீர் வெளியேற்றம் ஏறக்குறையப் பாதியானது. சோடிய இறக்கமும் மறைந்தது. கழிவின் வேகமோ மாறவில்லை. வேகமும் நீர்க்கடத்தலும் வெவ்வேறு உயிரியல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வேகத்தின் பின்னணி இன்னும் சிக்கலானது. வெளியேற்றிய கரைசலில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 மிகுந்தவர்களிடம் சவ்வும் வேகமாக இருப்பதை 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று உறுதிசெய்தது. சிகிச்சை நீள நீளச் சவ்வே மாறுகிறது. கார்டிஃப் குழுவினரின் 2002ஆம் ஆண்டுத் திசு ஆய்வில், மேலுறைக்கு அடியிலுள்ள அடுக்கின் தடிமன் இயல்பான நிலையில் 50 மைக்ரோமீட்டர். எட்டாண்டுகளுக்கு மேல் இச்சிகிச்சையில் இருந்தவர்களிடம் 700. சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸே தொடங்காதவர்களிடமும் அது 140ஐ எட்டியிருந்தது. ஆகவே சவ்வின் மாற்றத்துக்குக் கரைசலின் குளுக்கோஸ் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

2021இல் மொரெல், டெவாய்ஸ்ட் குழுவினர் 1,851 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு நீர்க்கடத்தலின் மரபணுப் பின்னணியை ஆராய்ந்தனர். ஆக்குவாபோரின்-1 மரபணுவின் தூண்டு பகுதியில் ஒரு குறிப்பிட்ட மாறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களிடம் நீர் குறைவாக வெளியேறியது. இறப்பும் சிகிச்சைத் தோல்வியும் கூடுதலாக இருந்தன. இவர்களுக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் கைகொடுக்கலாம் என்றும் அவர்கள் காட்டினர். அதன் பெரிய மூலக்கூறுகள் எளிதில் இரத்தத்துக்குள் நுழையாமல் நின்று, சிறு துளைகள் வழியாகவே நீரை இழுக்கின்றன; நீர்வாய்களின் தயவு அதற்குத் தேவையில்லை.