போதைச் சிகிச்சை: கணக்கில் வராதவர்கள்

ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. குடிநோயாளிகளில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மாநிலவாரியாகப் பிரித்த அவ்வறிக்கை சாதிவாரிக் கணக்கைத் தரவில்லை. இராயபுரத்துச் சுமைதூக்கும் தலித் தொழிலாளியும் எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளியும் தமிழ்நாட்டுச் சராசரிக்குள் கரைந்துபோகின்றனர்.

சட்டமோ தெளிவாகவே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18, சாதிப் பாகுபாடற்ற அரசுச் சிகிச்சையை உரிமையாக்குகிறது. மது, போதைப் பயன்பாடு சார்ந்த மனநலக் குறைபாடுகளும் அதில் அடங்கும். கைதானவருக்கு உடனே சொல்லப்பட வேண்டியது, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 64ஏ: சிறிய அளவு (கஞ்சாவெனில் 1 கிலோவுக்குக் குறைவு) தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போதை அடிமை, அரசு மையத்திலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தாமாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு பறிக்கப்படலாம். அதுவரை இழக்கும் நாட்கூலியைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.