இன்ஜின் ஆயில்: தேர்வும் மாற்றும் கணக்கும் உருவான வரலாறு

இன்ஜின் ஆயில் வாங்குகிறவருக்கு இரண்டு எண்கள் தெரிந்தாக வேண்டும். ஒன்று, டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பாகுநிலை எண். மற்றொன்று, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும் என்கிற எண். இரண்டாவது எண்ணை ஆயிலின் ஆயுள் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தந்தக் காலத்துப் பெட்ரோல், டீசல், சாலைத் தூசி, வடிகட்டி, இன்ஜினின் வடிவம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்திருக்கின்றன. இவற்றில் ஒன்று மாறியபோதெல்லாம் எண்ணும் மாறியது.

நீராவி யுகத்தில் ஆயில் மாற்றும் பேச்சே இல்லை. உராயும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்ட எண்ணெய் வழிந்தோடிப் போய்விடும். மீண்டும் விடுவார்கள். விலங்குக் கொழுப்பும் தாவர எண்ணெயுமே அன்று பயன்பட்டன. சூடான நீராவி பட்டதும் கொழுப்பு சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரித்தது. 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் பெட்ரோலியம் கிடைத்தபின் இதற்கு மாற்று வந்தது. அன்றைய சுத்திகரிப்பாளர்கள் தேடியது விளக்குக்கான மண்ணெண்ணெய்தான். அதைப் பிரித்தபின் தங்கிய கனமான பகுதியின் அருமையை உணர்ந்தவர் சிலரே. அவர்களுள் ஒருவர் ஜான் எல்லிஸ். 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் வால்வோலின் ஆனது. எந்திரத்தை நிறுத்தி நிறுத்திக் கையால் எண்ணெய் விடும் தொல்லைக்கு எலைஜா மெக்காய் 1872-இல் காப்புரிமை பெற்ற கருவி விடை தந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவுக்குச் சென்ற பெற்றோரின் மகன் அவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்திரத்துக்குத் தானாக எண்ணெய் ஊட்டியது அவருடைய கருவி.

பெட்ரோல் இன்ஜின் வந்தபிறகும் தாவர எண்ணெய் உடனே ஒதுங்கிவிடவில்லை. சார்லஸ் வேக்ஃபீல்டின் லண்டன் நிறுவனம் 1909-இல் விளக்கெண்ணெய் கலந்து வெளியிட்ட ஆயில்தான் காஸ்ட்ரால். அதே காலத்தில் பிரான்சில் உருவான நோம் சுழல் இன்ஜின்கள் முதல் உலகப் போரின் விமானங்களை இயக்கின. அவற்றில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே சென்றதால், கனிம எண்ணெய் ஊற்றினால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. உலோகத்தை விடாமல் பற்றி நிற்கும். இதனால் ஆமணக்கு ஒரு போர்ப்பொருளாகி, இந்திய விதைக்குப் பெரும் தேவை எழுந்தது. 1918-இல் அமெரிக்கா தன் தென் மாநிலங்களிலும் ஆமணக்கைப் பயிரிடச் செய்தது. அந்த விமானங்களிலும் எண்ணெய் ஒருமுறை உள்ளே போய் வெந்து புகையோடு வெளியேறியதே தவிர, தங்கிச் சுற்றவில்லை. நீண்ட நேரம் சூடானால் விளக்கெண்ணெய் பிசினாக இறுகிவிடும் என்ற குறை அங்கே பொருட்படவில்லை. அடித்தொட்டியில் தேங்கி மாதக்கணக்கில் சுற்றிவர வேண்டிய கார் இன்ஜினுக்கோ அந்தக் குறை பெரிது. ஆகவே கனிம எண்ணெய் வென்றது. ஆயிலை எப்போது மாற்றுவது என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறந்தது.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பு இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, காற்று வடிகட்டியும் இல்லை. சுழலும் பாகங்கள் வாரி இறைத்த எண்ணெயே எங்கும் போய்ச் சேர்ந்தது. அளவைப் பார்க்கக் கேஜ் குச்சியும் கிடையாது. அடியிலிருந்த இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்த்து, மேலதில் எண்ணெய் வராமல் கீழதில் வந்தால் அளவு சரி என்று கொள்வார்கள். புதுக் கார் 400 மைல் ஓடியதும் ஆயிலை வடிக்க வேண்டும், பிறகு 750 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்றது ஃபோர்டின் கையேடு. 750 மைல் என்பது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மண் சாலையின் புழுதி நேராக இன்ஜினுக்குள் போனது. குளிரில் கிளப்பும்போது எரியாத பெட்ரோல் ரிங்குகளைத் தாண்டி வழிந்து ஆயிலை நீர்த்தது. அந்த நிலையில் அந்த எண் நியாயமானதே.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு அன்று பொதுமொழி கிடையாது. இலேசானது, நடுத்தரம், கனமானது என்று ஒவ்வொரு விற்பனையாளரும் தத்தம் போக்கில் எழுதிவைத்தனர். 1905-இல் தோன்றிய அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 1911 முதல் இதை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. 20, 30, 40 என்ற எண்கள் தரத்துக்கான மதிப்பெண் அல்ல. குறித்த வெப்பநிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதன் வகைப்பாடு மட்டுமே. இன்றைய கணக்கில் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருப்பது 30, 12.5 முதல் 16.3 வரை இருப்பது 40. எண் கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை இன்றும் கடைகளில் நிலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் காருக்கான ஆயில் ஃபில்டருக்குக் காப்புரிமை பெற்றனர். பியூரோலேட்டர் என்று பெயர் பெற்ற அது மாற்றும் இடைவெளியை நீட்டிய முதல் பெரிய காரணம். ஆனாலும் தொடக்க காலத்து ஃபில்டர்கள் பம்பு தள்ளும் ஆயிலில் ஒரு பங்கையே வடிகட்டின. ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியே செல்லும் அமைப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலானது.

வடிகட்டி தீர்க்காத சிக்கலைத் தீர்த்தது வேதியியல். 1930-களின் நடுவில் கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்களில் கரி படிந்து பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டன. சோப்பை ஒத்த உலோகச் சேர்மங்களை ஆயிலில் கலந்தபோது அந்தக் கரி படியாமல் ஆயிலிலேயே மிதந்தது. அழுக்கு நீக்கும் ஆயில் இப்படித்தான் பிறந்தது. அடுத்து 1940-களில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மம் வந்தது. பேரிங் அரிப்பைத் தடுக்கச் சேர்த்த அது, தேய்மானத்தையும் தடுப்பது பின்னர் தெரியவந்தது; இன்றுவரை அதற்கு முழு மாற்று அமையவில்லை. இந்த மாற்றத்தோடு மெக்கானிக்குகளின் கண்ணளவையும் பொய்த்துப்போனது. அதுவரை ஆயில் கறுத்தால் கெட்டது என்று பொருள். அழுக்கு நீக்கும் ஆயிலோ கரியைத் தன்னுள் ஏந்துவதால்தான் கறுக்கிறது. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடலாம். அது வேலை செய்வதன் அடையாளம். நிறத்தைப் பார்த்தும், இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பாகுநிலையோடு இந்தச் சேர்மானத் திறனையும் குறிக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. 1947-இல் சாதாரணம், உயர்தரம், கடும்பணி என மூன்றாகப் பிரித்தது. 1970-களின் தொடக்கத்தில் இன்றைய எழுத்து முறை வந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கான வரிசை எஸ்.ஏ.வில் தொடங்குகிறது, 2020-இல் எஸ்.பி. வந்தது. டீசலுக்கு சி என்ற எழுத்து. 2016-இல் வந்தது சி.கே.-4. எஸ்.ஏ. ஆயில் 1930-க்குப் பின் செய்த இன்ஜின்களுக்கும், வரிசையில் அதற்கு அடுத்த இரண்டாம் படி ஆயில் 1951-க்குப் பின் செய்தவற்றுக்கும் பொருந்தாது என்று அந்தக் கழகமே எச்சரிக்கிறது. ஆயில் வாங்கும்போது பலர் பாகுநிலை எண்ணை மட்டும் பார்த்து இந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள். இன்ஜினைக் காப்பதில் இதன் பங்கு சிறிதல்ல.

குளிர்நாடுகளில் கோடைக்கு ஓர் ஆயில், பனிக்கு ஓர் ஆயில் என்று ஆண்டுக்கு இருமுறை மாற்றிவந்தார்கள். சூடேறும்போது ஒவ்வோர் எண்ணெயும் எவ்வளவு இளகுகிறது என்பதை ஒப்பிடும் அளவுகோலை 1929-இல் டீனும் டேவிஸும் வகுத்தனர். அதில் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100. வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. வெப்பத்தில் விரியும் நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்த்து, குளிரில் இலேசாகவும் சூட்டில் போதிய கெட்டியாகவும் நிற்கும் பலநிலை ஆயிலை 1950-களில் கொண்டுவந்தனர். 20டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். பனியே காணாத ஊருக்கு அந்த முதல் எண் தேவையற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 30 டிகிரி காலையிலும் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாகவே இருக்கும். கிளப்பிய முதல் நொடிகளில் அது எவ்வளவு விரைவாக மேலே ஏறுகிறது என்பது எங்கும் முக்கியம்.

பாலிமருக்கு ஒரு பலவீனம் உண்டு: பற்சக்கரங்கள் அதை நறுக்கிவிடும். 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் கியர்பெட்டிக்கும் இன்ஜினுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்களுக்கிடையே அகப்பட்ட ஆயில் விரைவில் நீர்த்துப்போனது. அதைத் தாங்கும்படி டக்ஹாம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 20-50 ஆயில் பிரிட்டனில் புகழ்பெற்றது. இன்றைய பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் அமைப்பும் அதுவே. கூடவே கிளட்சும் அதே ஆயிலில் நனைகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டியபோது பைக்குகளின் கிளட்ச் வழுக்கியது. இதற்காக ஜப்பான் 1990-களின் இறுதியில் ஜாசோ எம்.ஏ. என்ற தரக்குறியை வகுத்தது. பைக்கில் கார் ஆயிலை ஊற்றக் கூடாது என்பதற்கும், பைக்கின் மாற்றும் இடைவெளி காருடையதைவிடக் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

அமெரிக்காவில் 3,000 மைல் என்பது ஒரு தலைமுறைக்கே வேதவாக்காக இருந்தது. அந்த எண் உறைந்து நின்றபோது சூழல் மாறிக்கொண்டே இருந்தது. கிராங்க் அறையின் கரிப்புகையை இன்ஜினுக்கே திருப்பி எரிக்கும் வால்வு 1960-களில் வந்ததால் கசடு குறைந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. கார்புரேட்டர் போய் எரிபொருள் பீய்ச்சும் முறை வந்ததால் ஆயிலில் பெட்ரோல் கலப்பதும் குறைந்தது. 1972-இல் ஆம்சாயில், 1974-இல் மொபில் 1 எனச் செயற்கை ஆயில்கள் கார்க்காரர்களை எட்டின. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க்கின் 75 டாக்சிகளை 60,000 மைல் ஓடவைத்து, 1996-இல் முடிவை வெளியிட்டது. 3,000 மைலில் ஆயில் மாற்றியவற்றுக்கும் 6,000 மைலில் மாற்றியவற்றுக்கும் தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் டாக்சி நாள் முழுதும் சூடாகவே ஓடுவது. தினம் இரண்டு கிலோமீட்டர் போய்வந்து நிற்கும் காரில் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். அந்தச் சோதனையை எல்லா வண்டிக்கும் அப்படியே பொருத்த முடியாது. பின்னர் கலிபோர்னியா அரசு, கழிவு ஆயிலைக் குறைக்கும் நோக்கில், 3,000 மைல் வழக்கத்தைக் கைவிட்டுக் கையேட்டைப் பார்க்கும்படி பரப்புரையே நடத்தியது.

இந்தியாவில் ஆயில் தயாரிக்கும் மூல எண்ணெய் பெரிதும் இறக்குமதியாகவே வந்துகொண்டிருந்தது. 1969-இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயையும் தந்தது. 1972-இல் இந்தியன் ஆயில் சர்வோவை வெளியிட்டது. சமவெளியின் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் 40 என்ற ஒற்றைநிலை ஆயில் நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. இங்கே இடைவெளியைக் குறுக்கியது டீசலின் கந்தகம். 1990-களின் நடுப்பகுதி வரை டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. அது எரிந்து அமிலமாகும். அமிலத்தை முறிக்கவே ஆயிலின் காரச் சேர்மானம் செலவாகிவிடும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அமிலச் சுமை குறைந்ததும் கனரக வண்டிகளின் இடைவெளி பன்மடங்கு நீண்டது. அதற்கு ஈடாகப் புதிய கட்டுப்பாடு ஒன்றும் வந்தது: புகைக்குழாயில் உள்ள மசி வடிகட்டியை ஆயிலின் சாம்பல் அடைத்துவிடும் என்பதால், பி.எஸ்.6 டீசல் வண்டியில் பழைய வகை ஆயில் ஊற்றக் கூடாது. பெட்ரோல் கார்களில் மைலேஜுக்காக 0டபிள்யூ-16 போன்ற மிக இலேசான ஆயில்கள் வந்துள்ளன. அவற்றுக்கேற்ற நுண்ணிய இடைவெளியோடு செய்த இன்ஜினுக்கே அவை பொருந்தும்.

கிலோமீட்டரை எண்ணாமல் ஆயிலையே கேட்டறியும் வழியும் உண்டு. 1946-இல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்பாதை நிறுவனம் தன் டீசல் எஞ்சின்களின் ஆயிலை நிறமாலை முறையில் சோதிக்கத் தொடங்கியது. இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். சிலிக்கான் கூடினால் தூசி புகுகிறது. இந்திய ரயில்வேயின் டீசல் பணிமனைகளும் இதே சோதனையைக் கைக்கொண்டன. கார் உரிமையாளருக்கு இவ்வளவு சோதனை கட்டுப்படியாகாது. அவருக்காக ஜெனரல் மோட்டார்ஸில் ஷர்லி ஷ்வார்ட்ஸும் டொனால்ட் ஸ்மோலென்ஸ்கியும் ஒரு கணிப்பு முறையை வகுத்தனர். ஆயிலைத் தொடாமல், இன்ஜினின் சுழற்சிகளையும் வெப்பநிலையையும் எண்ணி, மாற்ற வேண்டிய நேரத்தை அது சொல்கிறது. 1980-களின் இறுதியில் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது அறிமுகமானது.

அந்தக் கணிப்பு இல்லாத வண்டிகளுக்குக் கையேடே துணை. அதில் கிலோமீட்டர், மாதம் என இரு வரம்புகள் இருக்கும். எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடும் வண்டியிலும் ஈரமும் அமிலமும் சேர்வதால்தான் மாத வரம்பு. கடும் பயன்பாட்டுக்கென்று குறுகிய இடைவெளி ஒன்றையும் பல கையேடுகள் தனியே தருகின்றன. நெரிசலில் ஊர்வது, குறுந்தூரம் ஓடுவது, புழுதிச் சாலை, பெரும் பாரம் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். நம் நகரங்களின் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துவது அந்தக் குறுகிய இடைவெளியே.