காப்பிடமும் முன்னெச்சரிக்கையும்: அமெரிக்கப் பல்கலைக்கழக வழக்கொன்றின் வரலாறு

பாடநூலைத் தேர்வதும் அதனைக் கற்பிக்கும் முறையை வகுப்பதும் ஆசிரியர்க்குரிய உரிமைகள் என்பது பல்கலைக்கழகங்களின் நெடுநாளைய கொள்கை. கற்க வரும் மாணாக்கர் அச்சமின்றிக் கற்றல் வேண்டும் என்பதும் அவற்றின் கொள்கையே. இவ்விரண்டும் தம்முள் முரணுவன அல்ல என்றே கருதப்பட்டு வந்தது. 2013-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகள் சிலவற்றில் இவை எதிரெதிரே நிறுத்தப்பட்டன. இவ்வழக்கு எதனின்று தோன்றியது, இரு சாராரும் கூறியவை ஆராய்ச்சியின்முன் நின்றனவா, இலக்கியம் கற்பிப்போர் இதனின்று அறியத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களின் வரலாறு

காப்பிடம் என யாம் குறிப்பது ஆங்கிலத்தில் 'சேஃப் ஸ்பேஸ்' எனப்படுவது. இக்கருத்துக் கல்விக்கூடத்தில் பிறந்ததன்று. 1960-களின் இடைப்பகுதியில் தன்பாற் காதலர் கூடிய மதுவிடுதிகளில் இதன் தோற்றத்தைக் காண்பர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை இந்நோக்கில் ஆராய்ந்த மொய்ரா கென்னி என்பார். அவ்விடுதிகள் முற்றும் காப்புடையனவும் அல்ல; காவலர் திடீரெனப் புகுந்து சிறைப்பிடித்தலும் உண்டு. எனினும் தம்மை மறைத்துக் கொள்ளாது பழகுதற்கு வேறிடம் அற்றோர்க்கு அவையே புகலாயின. பின்னர்ப் பெண்ணுரிமை இயக்கத்தார், ஒத்த துயருடையார் கூடித் தம் நிலையை ஆராயும் தனியிடம் என்ற பொருளில் இக்கருத்தை மேற்கொண்டனர்.

முன்னெச்சரிக்கை என்பது 'டிரிகர் வார்னிங்'. டிரிகர் துப்பாக்கியின் விசை. விசையைத் தொட்ட அளவில் குண்டு பாய்வது போல, ஓர் ஓசையோ மணமோ காட்சியோ பழந்துயரை மீட்டும் உயிர்ப்பித்தலை இச்சொல் குறிக்கும். வியட்நாம் போரினின்று மீண்ட வீரர்தம் துன்பம் மருத்துவரின் கருத்தை இதன்பால் ஈர்த்தது. 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்த்தொகை நூலின் மூன்றாம் பதிப்பில், பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றும் நோயை முதன்முறையாகத் தனிப்பெயர் கொடுத்துச் சேர்த்தது. பிற்காலத்தில் பெண்கள் தமக்கு நேர்ந்த கொடுமைகளை இணையத்தில் எழுதத் தலைப்பட்டபோது, படிப்போர் முன்னறிதற் பொருட்டு எழுத்தின் தலையில் ஒரு குறிப்பை வைத்தனர்.

இவ்விரண்டற்கும் பிறப்பில் ஒரு பொதுமை உண்டு. துயருற்றோர் தமக்கும் தம்மை ஒத்தார்க்கும் தாமே விரும்பி அமைத்துக் கொண்டவை இவை. பல்கலைக்கழகத்தினுள் புகுந்தபோது ஆணை என்னும் கூறு இவற்றொடு சேர்ந்தது. வழக்கின் வேர் ஈண்டே உளது என்பது எம் கருத்து.

2. ஆணையின் வரவு

ஓகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி, ஆசிரியர்க்கென வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில், துயரைக் கிளறும் பாடப்பொருளை முன்னறிவிக்குமாறும், கற்றற்பயனுக்கு நேரே துணை செய்யாதவிடத்து அதனை விலக்குமாறும் கூறிற்று. சினுவா அச்சிபியின் 'திங்ஸ் ஃபால் அப்பார்ட்' என்னும் நாவல் அதற்கு எடுத்துக்காட்டாயிற்று. அயலாட்சி ஓர் ஆப்பிரிக்கச் சிற்றூரைச் சிதைத்த வரலாற்றைக் கூறும் அந்நூல், அயலாட்சியின் கொடுமையை உற்றோர்க்குத் துயர் விளைக்கலாம் என்பது கூற்று. ஆசிரியர் பலர் எதிர்த்தமையின் 2014-இல் அப்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டுப் பிப்ரவரியில் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணவர் மன்றம், பாடத்திட்டங்களில் இத்தகு எச்சரிக்கையைக் கட்டாயமாக்குமாறு தீர்மானம் நிறைவேற்றிற்று.

1915-இல் தோன்றிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2014 ஆகஸ்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. மாணவரை அறைகூவி அறிவை வளர்ப்பதை விடுத்துக் காப்பதையே முதற்கடனாகக் கொள்வது அவரைக் குழந்தையராக்கும் என்றும், மனநோய்க்கு மருந்து வகுப்பறையன்று, மருத்துவ நிலையமே என்றும் அது கூறியது. நிலையான பணியுரிமை பெறாத ஆசிரியர், புகாருக்கு அஞ்சி அரிய நூல்களைக் கைவிடுவர் என்ற கவலையும் அதன்கண் இருந்தது. இக்கவலை புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயினும் ஆணைகள் எங்கும் பரவிவிட்டன என்று எண்ணுதல் பிழையாம். இலக்கியமும் கலையும் கற்பிப்போர் 800-க்கு மேற்பட்டாரிடம் தணிக்கை எதிர்ப்புக்கான தேசியக் கூட்டமைப்பு 2015-இல் நிகழ்த்திய கேள்வியாய்வில், தம் நிறுவனத்தில் இத்தகு விதி உண்டு என்றோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. தாமே விரும்பி முன்னறிவித்தல் உண்டு என்றோரோ பாதிக்கு மேற்பட்டோர். ஆணையை விரும்பாத ஆசிரியரிற் பலர் அருளை விரும்பினர் என்பது இதனாற் பெறப்படும்.

3. ஓவிடின் காவியமும் ஒரு மாணவியும்

இவ்வழக்கில் இலக்கிய ஆசிரியர் ஊன்றி நோக்கத்தக்கது கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எழுந்த பூசல். ஆங்கு 1937 முதல் மேலைநாட்டுப் பேரிலக்கியங்கள் பொதுப்பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. 2015 ஏப்ரலில் மாணவர் நால்வர் தம் இதழில் எழுதிய கட்டுரையொன்று, பாலியற் கொடுமைக்கு ஆளான மாணவி ஒருத்தியின் நிலையை எடுத்துரைத்தது. உரோமப் புலவர் ஓவிடின் 'மெட்டமார்ஃபஸிஸ்' காவியத்தில் தெய்வங்களால் வலிதிற் கவரப்பட்ட மகளிர் கதைகள் பல. ஆசிரியர் அப்பகுதிகளில் சொல்லழகையும் உவமை நயத்தையுமே விரித்துரைத்தார் என்றும், மாணவி வாய்மூடி ஒதுங்கினள் என்றும், பின்னர்த் தன் நிலையைக் கூறச் சென்றபோதும் அவள் பொருட்படுத்தப்படவில்லை என்றும் அக்கட்டுரை கூறிற்று.

பழம்பெரு நூலைத் தடுக்க முனைந்தனர் என்று நாடெங்கும் பலர் எள்ளினர். முறையீட்டை நடுநிலையோடு நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். நூலில் கொடுமை உளது என்பதன்று அம்மாணவியின் குறை; உள்ள கொடுமையைக் காணாது அணிநலம் மட்டும் பேசப்பட்டது என்பதே குறை. நூலைக் குறைத்துப் படிக்குமாறு அவள் வேண்டவில்லை. நிறைத்துப் படிக்குமாறே வேண்டினாள் என்னலாம். இதற்கு அக்காவியமே சான்று பகரும். அதன் ஆறாம் பகுதியில் வரும் பிலமேலா, தன்னைக் கெடுத்தவனால் நாவும் அறுக்கப்பட்டவள். பேச இயலாத அவள் தன் துயரைத் துணியில் நெய்து உடன்பிறந்தாட்கு விடுத்தாள். கெடுத்தவனின் வேட்கையை மட்டுமின்றிக் கெடுக்கப்பட்டவளின் நெய்தலையும் பாடினார் புலவர். ஆசிரியர் அதனைக் காட்டத் தவறின் அது கற்பித்தலின் குறையே அன்றிக் காவியத்தின் குறையன்று. எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைத் தலையில் ஒட்டிவிடுவதாலும் அக்குறை நீங்காது.

4. பிரௌன், சிகாகோ

2014-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பாலியற் கொடுமை பற்றிய சொற்போர் ஒன்று ஏற்பாடாயிற்று. கேட்டு மனம் குலைவோர் வந்து தங்குதற்கு மாணவர் ஓர் அறையை ஒதுக்கி, மெத்தைகளும் இன்னிசையும் வண்ணம் தீட்டும் ஏடுகளும் வைத்தனர். இஃது அடுத்த ஆண்டு நாளிதழில் வெளிவந்ததும் பெருநகைப்புக்கு இடமாயிற்று. ஆயின் சொற்போர் தடையின்றி நடந்தது என்பதை நகைத்தோர் நினைந்திலர்.

சிகாகோப் பல்கலைக்கழகம் கருத்துரிமையைத் தன் மரபாகப் போற்றுவது. 1932-இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் வில்லியம் ஃபாஸ்டரை மாணவர் உரையாற்ற அழைத்தபோது எழுந்த கண்டனத்திற்கு அதன் தலைவர் ஹட்சின்ஸ் பணியவில்லை. 2016 ஆகஸ்டில் அதன் மாணவர் நலத் தலைவர், புதிதாகச் சேரும் மாணவர்க்கு எழுதிய மடலில், தம் பல்கலைக்கழகம் முன்னெச்சரிக்கையை ஆதரிப்பதில்லை என்றும், கருத்துக்கு அஞ்சி ஒதுங்கும் காப்பிடங்களை ஏற்பதில்லை என்றும் அறிவித்தார். அப்பல்கலைக்கழகத்து ஆசிரியர் 150-க்கு மேற்பட்டோர் மாணவரின் கோரிக்கைகளும் உரையாடத்தக்கனவே என மறுமொழி விடுத்தனர். எச்சரிக்கை தர விரும்பும் ஆசிரியர்க்கு எத்தடையும் இல்லை என்பதும் பின்னர்த் தெளிவாக்கப்பட்டது. எச்சரிக்கையை ஆணையால் புகுத்துதல் எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே ஆணையால் விலக்குதலும் பொருந்தாது என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

5. ஆய்வின் முடிபு

எச்சரிக்கை துயர் தணிக்கும் என்றனர் ஒரு சாரார். மாணவர் பாடத்தைத் தவிர்த்து ஓடுவர் என்றனர் மறு சாரார். இருவரும் பல ஆண்டுகள் சோதனையின்றியே வாதிட்டனர். உளநூலார் ஆராயத் தொடங்கியது பின்னரே. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பேரதிர்ச்சிக்கு ஆளான 451 பேர்க்கு உலக இலக்கியப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தது. எச்சரிக்கை பெற்றோர்க்குக் கவலை குறைந்ததாகப் புலனாகவில்லை. 2023-இல் 12 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்ட முடிபும் அன்னதே. எச்சரிக்கை படிப்பதற்கு முன்னைய கவலையைச் சற்று மிகுக்கும். படிக்குங்கால் உளவாகும் துயரைத் தணிக்காது. விலகி ஓடவும் செய்யாது. அவ்வாண்டிலேயே கார்னெல் பல்கலைக்கழக மாணவர் மன்றம் எச்சரிக்கையைக் கட்டாயமாக்க முனைய, தலைவர் மார்த்தா பொல்லாக் அதனை ஏற்க மறுத்தார்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், எச்சரிக்கை அஞ்சியோர் கருதிய அளவு தீங்குடையதும் அன்று, வேண்டியோர் நம்பிய அளவு மருந்தும் அன்று என்பது தெளிவாம். இதனைக் கொண்டு மாணவி முறையிட்டது பொய்யென முடிவு கட்டுதல் ஆகாது. அவள் கேட்ட மருந்து பயனற்றது என்பதால் அவளது நோய் இல்லையென்று ஆகிவிடாது. துயருற்றோர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல் பல்கலைக்கழகத்தின் கடன். இன்ன நூலில் இன்னது வருகின்றது என முன்னர்க் கூறுவது ஆசிரியரின் பண்பைப் பொறுத்தது. அதனைச் சட்டமாக்குதலும் குற்றமாக்குதலும் வேண்டா. கொடுமை வரும் இடத்தில் கொடுமை என்று பெயரிட்டு, அணிநலத்தோடு அதனையும் ஆராய்ந்து கற்பித்தலோ எவர் ஆணையும் இன்றியே ஆசிரியர்க்கு உரிய கடமையாகும். அது நிகழும் வகுப்பில், அம்மாணவியை ஒத்தார் வாய்மூடி ஒதுங்க வேண்டிய நிலை அரிதாகும் என்பது எம் துணிபு.