அமெரிக்க வாகன முகாம்களில் அமைதி நேரம்

அமெரிக்காவில் காரிலேயே படுக்கையும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் 1910களில் பரவியது. முதலில் சாலையோரத்திலும் வயல்வெளியிலும் தங்கினார்கள். 1920களின் தொடக்கத்தில் பல நகராட்சிகள் இலவச முகாம்களைத் திறந்தன. 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் தோன்றிய ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ சங்கத்தார், காரின் ரேடியேட்டர் மூடியில் தகர டப்பாவைப் பற்றவைத்துத் தங்களை அடையாளம் காட்டிக்கொண்டனர்.

கூட்டம் பெருகியதும் மரங்களின் வேர்கள் சக்கரங்களில் நசுங்கின. 1930களில் தாவர நோயியலாளர் மைனெக்கே, ஒருவழி வளையச் சாலையும் குடும்பத்துக்கொரு நிறுத்துமிடமும் கொண்ட அமைப்பை வகுத்தார். மரங்கள் தப்பின, ஆனால் வண்டிகள் வரிசையாக நின்றதால் ஒருவர் சத்தம் அடுத்தவர் காதில் விழுந்தது.

1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸில் ‘கே.ஓ.ஏ.’ நிறுவனத்தின் முதல் முகாம் தொடங்கியபின், கட்டண முகாம்கள் நாடெங்கும் பெருகின. இரவில் சத்தத்தைத் தவிர்க்க வேண்டிய ‘அமைதி நேரம்’ அவற்றின் பொது விதியானது. தேசியப் பூங்காக்களின் முகாம்களில் இரவு 10 முதல் காலை 6 மணிவரை வரம்பு மீறிய சத்தத்துக்குத் தடை உண்டு. பூங்காக்களில் ஜெனரேட்டர் போன்றவற்றின் ஒலி 50 அடி தூரத்தில் 60 டெசிபெலைத் தாண்டக் கூடாது.

ரிமோட் சாவி வந்தபின் புதிய தொல்லை சேர்ந்தது: கதவு பூட்டியதை உறுதிசெய்ய ஹாரன் ஒலிக்கிறது. நள்ளிரவில் கழிப்பறைக்குப் போய்வருபவர் பொத்தானை அழுத்தினால் அக்கம்பக்கமே விழித்துக்கொள்ளும். பல கார்களில் இவ்வொலியை அமைப்பிலேயே நிறுத்திவிடலாம். கதவின் உள்பக்கப் பொத்தானை அழுத்தியும் பூட்டலாம். முகாமில் ஹாரன் ஆபத்துக்கு மட்டுமே உரியது.