சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி, 1951

கலிபோர்னியாவில் இயேசு சபைத் துறவிகள் நிறுவிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, 1951 பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. அப்படியிருந்தும் ஆண்டிறுதி ‘பவுல்’ ஆட்டம் எதற்கும் அதற்கு அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது.

அணியின் பட்டப்பெயர் ‘டான்கள்’. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். சொந்தத் திடல், கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தில் இருந்த கீசார் அரங்கம். தொழில்முறை அணியான ஃபார்ட்டிநைனர்ஸும் அங்கேயே ஆடியதால், நகரத்து ரசிகர்களின் காசு பெரும்பாலும் அந்தப் பக்கம் போனது. பக்கத்துக் கத்தோலிக்கக் கல்லூரியான செயின்ட் மேரிஸ் 1950 பருவத்தோடு அணியைக் கலைத்திருந்தது. டான்களும் நஷ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். பவுல் ஆட்டம் ஒன்று கிடைத்திருந்தால் அந்த வருமானம் அணியைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

பந்தை ஏந்தி ஓடுவதில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் ஒல்லி மேட்சனுக்கு: 1,566 கெஜம், 21 டச் டவுன்கள். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணியை 32–26 என்று வென்றபோது, எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து இரண்டு முறை திடலின் மறுகோடிவரை ஓடினார். ஃபோர்டாம்தான் ஓரளவு நெருங்கி வந்த எதிரணி. நவம்பரில் பசிபிக் கல்லூரி 47–14 என்று நொறுங்கியது. கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20–2 என்று வீழ்த்தினார்கள். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் கிடைத்த இடம் 14.

ரோஸ் பவுல் இரண்டு பெரிய லீக்குகளின் ஒப்பந்த ஆட்டம். எந்த லீக்கிலும் சேராத டான்களுக்கு அங்கே இடமில்லை. மிஞ்சியவற்றுள் பெயர்பெற்ற ஆரஞ்சு, சுகர், கேட்டர் மூன்றும் தென்மாநிலங்களில் நடப்பவை. நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய நிலம் அது. அணியில் கறுப்பர்கள் இருவர்: மேட்சன், பர்ல் டோலர். அவர்களை விட்டுவிட்டு வருவதானால் அழைப்பு உண்டு என்று தெரிவிக்கப்பட்டதாகவும், அணி ஒரே குரலில் மறுத்துவிட்டதாகவும் வீரர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். எதிரணிகள் சோப்ளாங்கிகள் என்பது மறுதரப்பின் சமாதானம். அட்டவணை எளிது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ராணுவ, கடற்படை முகாம் அணிகளோடும் அவர்கள் ஆடினார்கள். ஆனால் டான்களிடம் 47 புள்ளிகள் வாங்கிய பசிபிக் கல்லூரிக்கே டெக்சாஸில் நடந்த சன் பவுல் அழைப்பு கிடைத்தது. ஆகவே அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

அணி கலைந்தாலும் ஆட்கள் ஓயவில்லை. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்றுவிட்டுத் தொழில்முறைக் கால்பந்துக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டுத் திரும்பியிருந்த ஜீனோ மார்ச்செட்டி பால்டிமோர் கோல்ட்ஸின் தூணானார். பாப் செயின்ட் கிளேர், கல்லூரிக் கணக்கில் ஓராண்டு பாக்கியிருந்ததால் டல்சாவுக்குப் போய் ஆடி முடித்து, பிறகு கீசார் அரங்கத்துக்கே ஃபார்ட்டிநைனர்ஸ் வீரராகத் திரும்பினார். மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றவர்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர் என்பது அரிதினும் அரிது.

அணியின் செய்தித் தொடர்பாளராக இருந்த இளைஞர் பீட் ரொசெல் 1960இல் தேசியக் கால்பந்து லீக்கின் தலைமை ஆணையரானார். அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் பொது மேலாளராக இருந்தபோது, மேட்சன் ஒருவருக்காக ஒன்பது பேரை ஈடாகக் கொடுத்தவரும் இவர்தான்.

டோலரின் கதை வேறு. 1952இல் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் முழங்கால் போனது; தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை. ஆசிரியராகி, தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965இல் லீக்கின் முதல் கறுப்பின நடுவராகக் களமிறங்கி, 1980இல் சூப்பர் பவுல் ஆட்டத்திலும் பணியாற்றினார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்று ஜேம்ஸ் ஃபீலன் என்பவரின் பெயரைத் தாங்கியிருந்தது. கலிபோர்னியா வெள்ளையர்க்கே என்று தேர்தலில் முழங்கிய செனட்டர் அவர். மாணவர்களின் எதிர்ப்பை அடுத்து 2017இல் அதற்கு டோலர் பெயர் சூட்டப்பட்டது.