மலையகத்தில் இனவிருத்தி மாடுகளின் உடலமைப்பு மதிப்பீடு

இனவிருத்திக்கு விடும் காளையையும் பசுவையும் பார்த்தும் தடவியும் அளந்தும் தரம் பிரிப்பதே உடலமைப்பு மதிப்பீடு. இறைச்சி மாடென்றால் முதுகும் இடுப்பும் அகன்றிருக்கின்றனவா, பின்தொடை கீழ்வரை சதைப்பிடித்திருக்கிறதா, நெஞ்சுக்கூடு ஆழமா, கால்கள் நேராக ஊன்றுகின்றனவா என்று பார்ப்பார்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டில் இதன் வரலாறு விசித்திரமானது: இறைச்சிக்குப் பேர்போன இனத்தோடு வந்து, சாணத்துக்கும் வண்டிக்கும் மாறி, கடைசியில் பாலில் நிலைத்தது.

அந்த இனம் டர்ஹாம் எனப்பட்ட ஷார்ட்ஹார்ன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் கோலிங் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தினர். 1796இல் பிறந்த ‘டர்ஹாம் எருது’ வண்டியிலேற்றப்பட்டு ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 1810இல் ‘கோமெட்’ என்ற காளை 1,000 கினிக்கு விலைபோனது. 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் இந்த இனத்துக்கான வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டார். அதன்பின் தோற்றத்தோடு தாய், தகப்பன் பெயரும் சேர்ந்தே காளையின் விலையைத் தீர்மானித்தன.

1848இல் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிட எண்ணி, கலப்பு டர்ஹாம் காளை ஒன்றையும் டர்ஹாம் பசு ஒன்றையும் செம்மறிக் கடாக்களோடு கப்பலேற்றினார். ஆனால் நுவரெலியாவின் மண் அவர் நம்பிய அளவுக்கு வளமில்லை. எரு போடாமல் எதுவும் விளையவில்லை. 1855இல் பேக்கர் இலங்கையை விட்டே போய்விட்டார்.

கோப்பித் துரைமாருக்கும் மாடு முதலில் எரு தரும் பிராணிதான். தோட்டத்து மாட்டுப்பட்டியில் தொடைச் சதையை யாரும் அளக்கவில்லை. கண்டி வீதியில் வண்டியிழுத்த எருதுகளுக்குத் திமிலும் தோளும் குளம்பும் முக்கியமாயின. 1867இல் ரயில் கண்டியை எட்டியதும் அந்த நெடுந்தூர வண்டிகளின் தேவையும் சுருங்கியது.

தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மாடு பார்க்கும் தங்கள் கணக்கைக் கொண்டுவந்தார்கள். கீழுதட்டை விலக்கிப் பல் பார்ப்பது அதில் முதல் பாடம். இரண்டு நிரந்தரப் பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் நிறைந்தால் நாலைந்து. சுழி பார்ப்பதும் உண்டு. சுழிக்கும் பாலுக்கும் தொடர்பில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாக்கு. பல் பார்ப்பது அப்படியல்ல. மிருக வைத்தியர்களும் வயதை மதிப்பிட அதைத்தான் பார்க்கிறார்கள்.

தராசு இல்லாத லயக் குடியிருப்புக்கு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்னெலும்பு வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 56 என்றால் சுமார் 765 இறாத்தல், அதாவது 347 கிலோ. கன்றை வாங்க வருபவரின் கண்மதிப்பை மறுத்துப் பேச இது உதவும்.

இன்று அம்பேவெல, போபத்தலாவ, டயகம பண்ணைகளின் பெயர் பாலோடுதான் ஒட்டியிருக்கிறது. குளிருக்குத் தோதான பிரீசியன், ஜேர்சி, அயர்ஷயர் இனங்களே மலைநாட்டுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. இறைச்சி மாட்டில் செவ்வகம் போன்ற உடலைத் தேடுபவர், இங்கே பின்புறம் விரிந்து முன்புறம் ஒடுங்கும் ஆப்பு வடிவத்தைத் தேடுகிறார். மடி வயிற்றோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். தொங்கும் மடி சேற்றில் புரண்டு நோய்ப்படும். சரிவில் ஏறியிறங்கும் மாட்டுக்குக் குளம்பு கெட்டால் மற்றத் தகுதியெல்லாம் வீண். பெரிய உடம்பைப் பெருமையாகச் சொல்பவர்கள் தீனியைக் கணக்கில் எடுப்பதில்லை. வேலை முடிந்து தலையில் புல்லுக்கட்டோடு வரும் குடும்பத்துக்கு, பிரீசியனைவிடச் சிறிய ஜேர்சிக் கலப்பே கட்டுப்படியாகும்.

காளையைத் தேர்பவர் விதைப்பையின் சுற்றளவையும் அளக்கிறார். இரண்டு வயது தாண்டிய ஐரோப்பிய இனக் காளைக்கு 34 சென்டிமீற்றராவது வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். சினை ஊசி வந்தபின், மாடு வளர்ப்பவர் அந்தக் காளையைப் பார்ப்பதேயில்லை. பிறந்த கிடேரிகளின் மடியையும் காலையும் வைத்துத்தான் தகப்பனுக்கு மதிப்பெண் போடுகிறார்.